கிளியம்மாளுக்கு வந்த வசனம்

கிளியம்மாள் சேரப்பணஞ்சேரியை விட்டுப் போனது 1991 மார்ச் 7, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி பஸ். ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கே வேலூர் வண்டி பிடித்து, அதற்கப்புறம் இரண்டு வண்டி மாறிக் கோலார் தங்கவயல் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. அவளிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குடம். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னா கிளி, தீபாவளிக்கு வந்துடுவியா?"

"நான் இன்னா விருந்துக்கா போறேன்? வேலைக்குப் போறேன்டி."

"வேலைக்கா, ஆளு பாக்கவா?"

"பாத்தா உனக்கும் ஒண்ணு அனுப்பி வெக்கறேன். உம் புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வையி."

வயல் முழுக்கச் சிரித்தது. அவர்கள் கேலி செய்து அவள் தலைகுனிந்து போவதைத்தான் அதுவரை நான் பார்த்திருக்கிறேன். அவள் திருப்பிக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "ஜாசு, அந்த வசனம் மட்டும் வராம இருந்தா நான் இங்கியே மண்ணா போயிருப்பேன். உங் கையால எழுதினது. கர்த்தர் உனக்கு ஒரு குறையும் வெக்க மாட்டாரு."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்திருந்தார். நான் சொன்னது இது: "பெட்டியை சீட்டுக்கு அடியில தள்ளி வெச்சுக்கோங்கக்கா."

அவள் சொன்ன வசனம் வேதத்தில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. கடவுள் இல்லை என்று எழுதிப் பேர்பெற்ற ஒருவரின் வரி அது. வசனம் என்று அதை அவள் கையில் கொடுத்தவள் நான். அன்றைக்கு உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கிளியம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். வாலாஜாபாத் பக்கம் பிறந்தவள். பதினெட்டில் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். புருஷன் நாகப்பன் லாரியில் கிளீனராக இருந்து டிரைவர் ஆனவர். 1980 தை மாதம் நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார். முதல் வருஷம் விலாசம் இல்லாமல் மூன்று கடிதம் வந்தது. பிறகு எதுவும் இல்லை. லாரி ஓனர் வேறு டிரைவரை அனுப்பி வண்டியை எடுத்துவந்தார். போய் வந்த டிரைவரைக் கேட்டால் தெரியாது என்றுவிட்டார்.

பிள்ளை இல்லை. மாமியார் மாமனார் இல்லை. ஓலைக்கூரை போட்ட மண்வீட்டில் தனியாக இருந்தாள். களையெடுக்க, நாற்று நட, அறுக்கப் போவாள். அவள் கோயிலுக்கு வந்ததே அவர் போன பிறகுதான். ஊர் ஊராக நடந்து ஜெபம் செய்யும் ஓர் அம்மா, வெள்ளிக்கிழமை உபவாசம் இரு, போனவன் உன் வாசலுக்கு வருவான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படி ஞானஸ்நானம் வாங்கியவள். எங்கள் கோயில் ஓடு போட்ட சின்னக் கட்டடம். அறுபத்திரண்டு குடும்பம். ஆயர் மாதம் ஒருமுறை டவுனிலிருந்து வருவார். மற்ற நாளெல்லாம் நடத்துவது உபதேசியார். உபதேசியார் மாசிலாமணி என் அப்பா.

சனிக்கிழமை தோறும் கோயிலைப் பெருக்கி மெழுகுவது கிளியம்மாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் பாய் மேல் உட்காருவாள். தான் பெருக்கிய தரையில் முன் வரிசைப் பெஞ்சுகளில் யார் யார் உட்காருவார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பதினொரு வருஷம் அவள் காத்திருந்ததை ஊர் கேலியும் செய்தது, மெச்சவும் செய்தது. காலனியில் அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக்கொடுத்தபோது அவள் பெயரும் பட்டியலில் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏம்மா கிளி, மழைக்கு ஒழுகுதுன்னு நீதானே சொன்ன?" என்று அப்பா கேட்டார்.

"ஒழுகுது ஐயா. ஆனா அவரு வந்தா இந்த வூட்டுக்குத்தான் வருவாரு. புது வூட்ட எங்கன்னு தேடுவாரு?"

"ஊர்ல நாலு பேரைக் கேட்டா சொல்லிட்டுப் போறாங்க."

"அவரு கேக்க மாட்டாரு ஐயா. வழி கேக்கறது அவருக்குப் புடிக்காது. கேக்காம போயித்தானே கெட்டாரு."

கோலாரில் கல்யாணம் கட்டிக்கொண்டு போன தங்கை பாஞ்சாலி மூன்று முறை எழுதினாள். விடுதிச் சமையலுக்கு ஆள் வேண்டும், இருக்க இடமும் சோறும் உண்டு, வா அக்கா என்று. அந்தக் கடிதங்களை அவளுக்குப் படித்துக்காட்டியவள் நான். மூன்றுக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "வூட்ட பூட்டிக்கினு எப்பிடி வர்றது?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குப் பதிந்து, வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது இனியவன் எழுத்து எனக்கு அறிமுகமாகியிருந்தது. அது புனைபெயர். அவரும் ஓர் உபதேசியார் மகன். வாரப் பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தால் எங்கள் விடுதியில் ஒரு பிரதி பத்துக் கை மாறும். ஆயர்கள் அவரைப் பெயர் சொல்லாமல் திட்டிப் பிரசங்கம் செய்த காலம் அது.

சிலுவையில் மாண்ட தச்சன் மகனைத் தனக்குப் பிடிக்கும் என்று எழுதுவார். அவர் பேரில் சங்கம் வைத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்ந்தெடுத்துக்கொண்டு மினிட்ஸ் எழுதுகிறவர்களைத்தான் பிடிக்காது என்பார். இவர்கள் நடத்தும் கோயிலுக்கு அந்த மனிதர் வந்தால் செருப்பில்லாத காலைப் பார்த்து வாசலிலேயே நிறுத்துவார்கள், உள்ளே விட்டாலும் கடைசிப் பாயில்தான் உட்காரவைப்பார்கள் என்பார். கல்லறைத் தோட்டத்திலும் சுவரோரம் யார், நடுவில் யார் என்று பிரித்துவைத்துக்கொண்டு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார்களே, எழுந்திருக்கும்போது வரிசையாக எழுந்திருப்பார்களா என்று கேட்பார். படித்துவிட்டு நாங்கள் போர்வைக்குள் சிரிப்போம். ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பாக இல்லை. ஜெபத்தின் மேல் தனக்குக் கோபமில்லை, காத்திருப்பது புண்ணியம் என்று ஏழைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததன் மேல்தான் கோபம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் கிளியம்மாளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு கட்டுரையில், தான் வேதம் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று வேத நடையிலேயே பத்து வாக்கியம் எழுதியிருந்தார். கிண்டல்தான். ஆனால் உபதேசியார் மகன் அல்லவா, ஓசை அப்படியே வந்திருந்தது. நாலாவது வாக்கியம் இது: "உனக்காக ஒருவனும் வருவதில்லை, நீ எழுந்து, உன் கால்களை ஊன்றி நட."

எங்கள் சபைகளில் புத்தாண்டு அன்று வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். குடும்பத்துக்கு ஒருவர் வந்து கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுவதற்கும் கடவுள் அந்த வீட்டுக்குச் சொன்னது அதுதான். நிலைப்படிக்கு மேலே ஒட்டிவைப்பார்கள். பெரிய சபைகளில் அச்சடித்து வாங்குவார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. வருஷம் முழுக்க வருகிற கல்யாணப் பத்திரிகைகளை அப்பா சேர்த்துவைப்பார். டிசம்பர் கடைசியில் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் வசனம் எழுதுவது என் வேலை. அப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. சபையின் கடிதம், கணக்கு, அட்டை எல்லாம் என் கையெழுத்துதான்.

1990 டிசம்பர் 30 அன்று எழுபது அட்டை வெட்டினேன். அறுபத்தொன்பதில் அப்பா குறித்துக்கொடுத்த வசனங்களை எழுதினேன். ஒரு மஞ்சள் துண்டில் இனியவனின் நாலாவது வாக்கியத்தை எழுதினேன்.

எங்கள் சபைச் செயலாளர் கைக்கு அது போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதினேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டுதானே என்று. அது உண்மையில்லை.

புத்தாண்டு அன்று காலை ஒன்பது மணிக்கு ஆராதனை. முடிந்ததும் அட்டை எடுப்பு. தட்டை ஏந்திக்கொண்டு நான் நின்றேன். எடுத்தவர் அட்டையை அப்பாவிடம் கொடுப்பார், அப்பா உரக்கப் படிப்பார், சபை ஆமென் சொல்லும். கொஞ்சம் திருவிழா மாதிரிதான் இருக்கும். எழுபது வயதுத் தாத்தா ஒருவருக்கு உன் சந்ததி பெருகும் என்று வந்தது. "இன்னா மாமா, அத்தைக்குத் தெரியுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். செயலாளருக்குப் பொய் உதடுகளைப் பற்றி ஏதோ வந்தது. அவர் அட்டையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

கிளியம்மாள் கடைசியில் வந்தாள். தட்டில் ஒன்பது பத்து அட்டைதான் மீதி. மஞ்சள் அட்டை என் பக்கத்து ஓரத்தில் கிடந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். விரல் வேறோர் அட்டையின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தட்டைச் சாய்த்தேன்.

கொஞ்சம்தான். யாருக்கும் தெரிந்திருக்காது. மஞ்சள் அட்டை வழுக்கிக்கொண்டு அவள் விரலுக்குக் கீழே போய் நின்றது.

அப்பா வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிக்க ஆரம்பித்தார். "உனக்காக ஒருவனும் வருவதில்லை" என்று சொல்லிவிட்டு நின்றார். கிளியம்மாள் யாருக்காக உபவாசம் இருக்கிறாள் என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மீதியையும் படித்தார். பழக்கதோஷம், சபை ஆமென் என்றது. கடவுள் இல்லை என்றவரின் வரிக்கு அறுபத்திரண்டு குடும்பம் ஆமென் சொல்லியது. நான் அதில் பெருமைப்பட்டேன், அதையும் மறைப்பதற்கில்லை. கிளியம்மாள் மட்டும் ஆமென் சொல்லவில்லை. அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பாய்க்குப் போய்விட்டாள்.

"எங்க இருந்து எடுத்த அந்த வசனத்தை?" வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"டிரெயினிங்ல ஒரு கத்தோலிக்கப் பொண்ணு வெச்சிருந்த வேதத்துலப்பா. அவங்களுக்குக் கூடுதலா சில புத்தகம் இருக்கில்ல."

"நம்மகிட்ட இருக்கறது போதாதா உனக்கு?" அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தன் வாயால் படித்ததை எப்படித் திருப்பி எடுப்பது என்று யோசித்திருக்கலாம்.

மறுநாள் கிளியம்மாள் வந்தாள். மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை படித்து முடித்ததும் ஓவென்று அழுதாள். நான் பயந்துபோனேன்.

"ஏங்க்கா அழறீங்க?"

"பதினோரு வருசமா கேக்கறேன் ஜாசு. வருவாரா மாட்டாரா, ஒண்ணு சொல்லுன்னு. வருசா வருசம் இன்னா வரும்? ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், பயப்படாதே. கேட்டதுக்கு மட்டும் பதிலே வராது. இப்பத்தான் மொதல் தபா என்னைப் பாத்து பேசிக்கீறாரு."

அவளை விடுவித்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். பிப்ரவரி முழுக்க அவள் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்தாள். ஆடு, அம்மி, நாகப்பனின் இரண்டு சட்டை. வெள்ளிக்கிழமை சாப்பிட்டாள். பாஞ்சாலிக்கு என் கையால் எழுத வைத்தாள். நான் அந்தக் கடிதத்தை அன்றே தபாலில் போட்டேன்.

ஜூன் 10, திங்கட்கிழமை, நாகப்பன் வந்தார்.

மத்தியானம் பூட்டிய வீட்டின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தேன். மெலிந்த ஆள், நரைத்த தாடி, ஒரு ரெக்சின் பை. யாரிடமும் வழி கேட்காமல் நேராக வீட்டுக்கு வந்திருந்தார்.

அப்பா அவரைக் கோயில் பின்னறையில் தங்கவைத்தார். எங்கே போனார் என்று அவரே சொன்னார். நாக்பூர் பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் மேல் லாரி ஏறிவிட்டது. ஓடிவிட்டார். அப்புறம் பிடித்தார்கள், ஜெயில். வெளியே வந்தபின் மூஞ்சியைக் காட்ட முடியவில்லை. "வருசம் ஏற ஏற இன்னும் கஷ்டமாப் போச்சு உபதேசியாரே. மொத வருசமே வந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பா, அதோட முடிஞ்சிருக்கும்."

அப்பா அன்றே என்னை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். "நாகப்பன் திரும்பி வந்திருக்கிறார். உடம்பு சரியில்லை. நீ உடனே புறப்பட்டு வரவும்." ஒட்டி, விலாசம் எழுதினேன். "இன்னிக்கே போட்டுடு," என்றார்.

நான் போடவில்லை.

காரணங்கள் வைத்திருந்தேன். இப்போதுதான் தன் காலில் நிற்கிறாள், ஒரு நோயாளிக்குக் கஞ்சி வைக்க அவளைத் திரும்பக் கூப்பிடுவதா என்று. இனியவனாக இருந்தால் என்ன சொல்வார் என்றுகூட யோசித்தேன். எல்லாம் மேல்பூச்சு. அவள் வந்தால் முதலில் கேட்கப்போவது, ஒருவனும் வருவதில்லை என்று கர்த்தர் சொன்னாரே, இவர் எப்படி வந்தார் என்றுதான். அதை அப்பாவிடம்தான் கேட்பாள். அப்பா வேதத்தைப் புரட்டுவார், டவுனுக்குப் போய்க் கத்தோலிக்க வேதத்தையும் கேட்டு வாங்கிப் புரட்டுவார். அந்தப் பயம்தான். நாளைக்குப் போடலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன்.

பத்தொன்பது நாள். மத்தியானச் சோறு எங்கள் வீட்டிலிருந்து நான்தான் கொண்டுபோவேன். தபால்காரர் வந்து போனதும் அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

"கோலார்லருந்து எதுனா வந்துச்சா பாப்பா?"

"இன்னும் இல்ல மாமா."

"தபால் லேட்டாத்தான் வரும். அது வேற ஸ்டேட்டு இல்ல?" என்பார் அவரே. இன்னொரு நாள் கேட்டார்: "அவ இன்னும் வெத்தல போடறாளா? பல்லு நல்லாருக்குதா?"

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கம் புது ஆள் யார் தங்கினாலும் போலீஸ் வந்து விசாரிக்கும். இரண்டு தடவை வந்தார்கள். இவர் இந்த ஊர் ஆள்தான் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், அப்பாவும் சொன்னார். பதினொரு வருஷம் எங்கே இருந்தாய் என்ற கேள்வியில் மட்டும் நாகப்பன் திணறினார். "பொண்டாட்டி இருக்காங்கறியே, அவ வந்து சொல்லட்டும்," என்றார் வந்தவர், கடுமையாகக்கூட இல்லை. அப்போது நாகப்பன் என்னைப் பார்த்தார். நான் காலிச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 29 காலையில் பின்னறை காலியாக இருந்தது. பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார்.

"கிளிக்கு மனசு வரல போலிருக்கு," என்றார் அப்பா. "அவளையும் குத்தம் சொல்ல முடியாது." வயலில் அப்படிப் பேசவில்லை. "எத்தினி வருசம் உபவாசம் இருந்து இன்னா? வந்தவனுக்கு ஒரு வரி எழுத மனசில்ல, கல்நெஞ்சக்காரி," என்றார்கள். அவள் நட்ட வயல், அவளோடு நட்ட பெண்கள். நான் அந்த வரப்பில் நடந்துபோய்க்கொண்டிருந்தேன். நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே எழுதாததை நாம் ஏன் கிளற வேண்டும் என்று அப்பா பிறகு எந்தக் கடிதத்திலும் அதைச் சேர்க்கச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் சென்னையில் இனியவன் பேசும் கூட்டத்துக்குப் போனேன். முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போய் அட்டைக் கதையைச் சொன்னேன். தட்டைச் சாய்த்ததைச் சொல்லவில்லை. நாகப்பன் வந்ததைச் சொல்லவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டீங்களாய்யா? என்னையும் வேதத்துல சேர்த்துட்டாங்க. இனிமே எனக்கும் ஒரு சங்கம், ஒரு செயலாளர்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க சார்."

"விசாரிச்சீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் வேறு யாரோ கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினார்கள்.

செப்டம்பரில் அருணாசலப் பிரதேசத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துப் போனேன். அங்கிருந்து ஷில்லாங், பிறகு நாக்பூர், பிறகு மஸ்கட். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் நிற்க முடியவில்லை. நாக்பூரில் இருந்தபோது லாரி ஷெட்டுகளில் போய் நாகப்பன் என்று ஒரு தமிழ் டிரைவரைத் தெரியுமா என்று கேட்டேன். தமிழ் டிரைவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். டீ வாங்கிக்கொடுத்தார்கள். அவரைத் தெரியவில்லை.

1998 டிசம்பரில் திரும்பினேன். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் நான் சொல்லவே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்திருந்தது. கிளியம்மாளைக் கல்நெஞ்சக்காரி என்ற பெண்களின் பிள்ளைகள் ஷிப்ட்டுக்குப் போனார்கள். ஒரகடம் சாலையில் நிலம் அளக்கும் ஆட்கள் சங்கிலியோடு நின்றார்கள். கிளியம்மாளின் வீடு கரைந்து வெறும் மேடாகியிருந்தது, அதில் கருவேலம் முளைத்திருந்தது. அப்பாவின் பெட்டியில் அவள் ஆள் வைத்து எழுதிய பழைய கடிதங்கள் இருந்தன. அதே விடுதி, அதே விலாசம்.

ஜனவரியில் அவளுக்கு எழுதினேன். எட்டுப் பக்கம். இனியவன், மஞ்சள் அட்டை, சாய்த்த தட்டு, கத்தோலிக்க வேதம் என்று சொன்ன பொய், போடாத கடிதம், பத்தொன்பது நாள். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தோன்றியது. பிப்ரவரி போனது, சித்திரை போனது. கடிதம் தொலைந்திருக்கும் என்று நினைக்கப் பழகினேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அக்டோபரில் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. யாரோ ஒரு பள்ளிப்பெண்ணின் குண்டுக் கையெழுத்து. சொன்னது கிளியம்மாள்.

"ஜாஸ்மினுக்கு கிளியம்மாள் எழுதிக்கொள்வது. ஐயா போனதுக்கு வர முடியல. உன் கடுதாசி வந்த அன்னிக்கே படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டாம் தபா படிக்க வேணாம்னு சொல்லிட்டேன். இத்தினி மாசம் எனக்குப் பேச வாய் வரல. அட்டை விசயம் போவட்டும். வேதத்துல கழுதை வாயில பேசின கர்த்தருக்கு அந்த புஸ்தகக்காரர் வாயில பேசத் தெரியாதா, உன் கையால தட்ட சாய்க்கத் தெரியாதா. இங்க வெள்ளிக்கிழமை நாப்பது பொம்பளைங்க கூடறோம். புருசன் சுரங்கத்துல போனவங்க, ஓடிப்போனவன் பொண்டாட்டிங்க. அந்த வசனத்த சொல்லிட்டுத்தான் கூட்டம் ஆரம்பிக்கறோம். அது எங்க கீதுன்னு யாரும் கேட்டதில்ல. நீயும் வந்து சொல்ல வேணாம். ஆனா அவரு வந்தத சொல்லாம வெச்சது கர்த்தர் செஞ்சதில்ல, அந்த புஸ்தகக்காரர் எழுதி வெச்சதும் இல்ல. அது நீ செஞ்சது. அத நான் யார் மேல போட்டு ஆத்திக்கறதுன்னு தெரியல. பத்தொம்பது நாள்னு எழுதிட்டு ஒரு பக்கத்துல முடிச்சிட்ட. உடம்புக்கு இன்னா, இருமினாரா, நொண்டினாரா, தாடிய எடுத்தாரா, ராவுல தூங்கினாரா, என்னைப் பத்தி இன்னா இன்னா கேட்டாரு, நீ அதுக்கு இன்னா சொன்ன, ஒவ்வொரு நாளா எழுது. ஒண்ணையும் சுருக்காத. படிச்சுக் காட்ட இங்க ஆளு கீது."